உட்கரு ஹார்மோன் ஏற்பிகளும் குரோமாட்டினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்மோன் என்றால் சாவி, ஏற்பி என்றால் பூட்டு என்று எல்லாரும் படித்திருப்போம். தொடங்குவதற்கு அது நல்ல உவமைதான். ஆனால் "அதே தைராய்டு ஹார்மோன் தலைப்பிரட்டையின் வாலைக் கரைக்கிறது, காலை வளர்க்கிறது, எப்படி?" என்று யாராவது கேட்டுவிட்டால் அந்த உவமையிடம் பதில் இல்லை. சாவியும் ஒன்று, பூட்டும் ஒன்று, திறப்பது மட்டும் வேறு வேறு அறை. ஏன் அப்படி என்பதற்குப் பதில் குரோமாட்டினில், அதாவது டிஎன்ஏ-வும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த பொதியில், இருக்கிறது. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வருகின்றன.

உட்கரு ஏற்பி என்று தனியாக ஏன் சொல்கிறார்கள்? ஏற்பிகள் செல்லின் மேல்பரப்பில்தானே இருக்கும்?

இன்சுலின், அட்ரினலின் போன்றவற்றின் ஏற்பிகள் செல் சவ்வில்தான் இருக்கின்றன. அந்த ஹார்மோன்களால் கொழுப்பாலான சவ்வைக் கடக்க முடியாது, அதனால் வெளியே நின்று தகவல் சொல்கின்றன, உள்ளே ஒரு சங்கிலி அதை எடுத்துச் செல்கிறது. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் போன்ற ஸ்டீராய்டுகளும் தைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலமும் வேறு ரகம். சிறியவை, கொழுப்பில் கரைபவை, செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடுபவை. இவற்றின் ஏற்பிகள் உள்ளே காத்திருக்கின்றன. ஹார்மோனைப் பிடித்த அதே புரதம் நேராக டிஎன்ஏ-வில் போய் உட்கார்ந்து, எந்த மரபணு படியெடுக்கப்படவேண்டும் என்பதில் தலையிடுகிறது. நடுவில் தூதர் கிடையாது. செய்தியை வாங்குபவரும் வேலையைத் தொடங்கிவைப்பவரும் ஒருவரே என்பதுதான் இந்தக் குடும்பத்தின் தனிச்சிறப்பு.

மனிதரில் இவை எத்தனை?

48. இவற்றில் பலவற்றுக்கு எந்த ஹார்மோன் பொருந்தும் என்பது தெரியாமலேயே மரபணு மட்டும் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் அவற்றை 'அநாதை ஏற்பிகள்' என்று அழைத்தார்கள். பின்னாளில் சிலவற்றுக்குக் கொழுப்பு அமிலங்களும் பித்த அமிலங்களும் கொலஸ்ட்ரால் வழிப் பொருள்களும் பொருந்துவது தெரியவந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றில் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் 270-க்கும் மேல் உள்ளன. உடலின் சிக்கலும் ஏற்பிகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே கூடும் என்று நினைத்தால், அப்படி இல்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இரண்டு கதைகள் உண்டு, இரண்டுமே எனக்குப் பிடித்தவை.

ஒன்று எல்வுட் ஜென்சனுடையது. 1950-களின் பிற்பாதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் ஈஸ்ட்ராடியாலில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, முதிராத பெண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஈஸ்ட்ரோஜன் ஏதோ ஒரு நொதி வினையில் கலந்து மாறுவதால்தான் வேலை செய்கிறது என்பது அப்போது பரவலாக இருந்த கருத்து. ஜென்சன் கண்டது வேறு. ரத்தத்தில் வந்த ஹார்மோனைக் கருப்பை பிடித்து வைத்துக்கொண்டது, மற்ற பல திசுக்கள் விட்டுவிட்டன, அதிலும் ஹார்மோன் எந்த வேதி மாற்றமும் அடையாமல் அப்படியே இருந்தது. அப்படியானால் அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் ஒன்று இருந்தாக வேண்டும்.

இன்னொன்று பூச்சியிலிருந்து வந்தது. 1960-இல் உல்ரிச் கிளெவரும் பீட்டர் கார்ல்சனும் ஒருவகை நீர்க்கொசுப் புழுவுக்கு எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தினார்கள். அந்தப் புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்கள் மிகப் பெரியவை, பட்டை பட்டையாக நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். ஹார்மோன் போன சிறிது நேரத்தில் குறிப்பிட்ட சில பட்டைகள் மட்டும் பஞ்சு போல் உப்பின. இறுகியிருந்த குரோமாட்டின் அவிழ்ந்து, அங்கே ஆர்என்ஏ உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு ஹார்மோன் மரபணுக்களைத் திறப்பதை மனிதக் கண் நேரடியாகப் பார்த்தது அங்கேதான் என்று சொல்லலாம். குரோமாட்டின் பற்றிய கேள்வி முதல் நாளிலிருந்தே இதில் இருந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கருவிகள் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஏற்பிகளின் மரபணுக்கள் 1985, 1986-இல் அடுத்தடுத்துப் பிரித்தெடுக்கப்பட்டன. கார்டிசால் ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, தைராய்டு ஏற்பி மூன்றும் ஒரே வார்ப்பில் இருப்பதைக் கண்டபோதுதான் இது ஒரு குடும்பம் என்பது உறைத்தது. இந்தத் துறையின் முன்னோடிகளான பியர் ஷாம்போன், ரொனால்ட் எவன்ஸ், ஜென்சன் மூவருக்கும் 2004-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

ஏற்பி பார்க்க எப்படி இருக்கும்?

மூன்று பகுதிகளை நினைவில் வைத்தால் போதும். முன்பகுதி நெகிழ்வானது, ஏற்பிக்கு ஏற்பி மாறுவது. நடுப்பகுதி டிஎன்ஏ-வைப் பிடிப்பது. அதில் இரண்டு 'துத்தநாக விரல்கள்' உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துத்தநாக அணுவை சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நான்கு பிடித்திருக்கும். பின்பகுதி ஹார்மோனைப் பிடிப்பது, சுமார் 12 சுருள்கள் அடுக்கிய ஒரு பொதி, நடுவில் ஹார்மோனுக்கான குழி.

இதில் 12-ஆவது சுருளைக் கவனியுங்கள். ஹார்மோன் குழிக்குள் அமர்ந்ததும் இந்தச் சுருள் மடங்கி அதன்மேல் வந்து படிகிறது. அப்படிப் படிந்ததால் ஏற்பியின் மேல்பரப்பில் புதிதாக ஒரு பள்ளம் உருவாகிறது, அந்தப் பள்ளத்தில் துணைத்தூண்டிகள் என்ற, மரபணுவைத் தூண்ட ஏற்பிக்கு உதவும் புரதங்கள் வந்து பொருந்துகின்றன. ஹார்மோன் செய்யும் வேலை இவ்வளவுதான்: ஒரு சுருளை இடம் மாற்றுவது. மீதி எல்லாமே அந்தப் பள்ளத்தில் யார் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முந்நூறு கோடி எழுத்துள்ள டிஎன்ஏ-வில் ஏற்பி தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆறெழுத்துச் சொல் ஒன்றைத் தேடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு அது ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ. ஸ்டீராய்டு ஏற்பிகள் இரட்டையாக வருவதால், அந்தச் சொல்லும் மூன்றெழுத்து இடைவெளி விட்டு எதிர்த்திசையில் இன்னொரு முறை எழுதப்பட்டிருக்க வேண்டும். கார்டிசால் ஏற்பிக்குச் சொல் சற்று மாறும். எவ்வளவு நுட்பமான வேறுபாடு என்றால், முதல் விரலின் அடியில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றினால் போதும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கார்டிசால் ஏற்பியின் சொல்லைப் படிக்கத் தொடங்கிவிடும். 1989-இல் இதைச் செய்து காட்டினார்கள்.

தைராய்டு, வைட்டமின் டி, ரெட்டினாயிக் அமில ஏற்பிகளுக்கு ஆர்எக்ஸ்ஆர் என்ற பொதுவான கூட்டாளி உண்டு. இங்கே சொல் ஒரே திசையில் இரண்டு முறை வரும், நடுவிலுள்ள இடைவெளிதான் அடையாளம்: 3 என்றால் வைட்டமின் டி, 4 என்றால் தைராய்டு, 5 என்றால் ரெட்டினாயிக் அமிலம். விதிவிலக்குகள் நிறைய இருந்தாலும், வெறும் இடைவெளியை வைத்தே ஆள் அடையாளம் காணும் இந்த ஏற்பாடு எளிமையானது, அழகானது.

ஆனால் ஒரு சிக்கல். இப்படிப்பட்ட சொற்கள், எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருப்பவற்றையும் சேர்த்தால், மரபணுத்தொகுதியில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒரு செல்லில் ஏற்பி உண்மையில் அமர்வது அதில் ஒரு சிறு பங்கில்தான். அடுத்த செல் வகையைப் பார்த்தால் அந்தச் சிறு பங்கும் வேறாக இருக்கும். டிஎன்ஏ எழுத்து எல்லாச் செல்லிலும் ஒன்றுதானே? அப்படியானால் வேறுபாடு எழுத்தில் இல்லை, எழுத்து எப்படிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

சரி, குரோமாட்டின் என்றால் என்ன?

ஒரு மனிதச் செல்லிலுள்ள டிஎன்ஏ-வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது இருக்கும் உட்கருவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். ஆகவே சுற்றித்தான் வைக்க வேண்டும். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் நான்கு வகை, வகைக்கு இரண்டாக எட்டு சேர்ந்து ஒரு சிறு உருளை. அதன்மேல் 147 எழுத்து இணைகள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சுற்று சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம். இந்த வடிவத்தை அணு அணுவாகக் காட்டிய படம் 1997-இல் வெளிவந்தது.

இதை இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடாக மட்டும் பார்த்தால் பாதியை விட்டுவிடுவோம். சுற்றியிருக்கும் டிஎன்ஏ-வைப் பெரும்பாலான புரதங்களால் படிக்க முடியாது, படியெடுக்கும் இயந்திரமான ஆர்என்ஏ பாலிமரேஸ் அங்கே தொடங்க முடியாது. அதாவது மரபணுக்கள் எதுவும் சொல்லப்படாதபோது அணைந்தே இருக்கும்படிதான் இந்த அமைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றையும் திறக்க வேலை செய்தாக வேண்டும்.

குரோமாட்டின் மறுசீரமைப்பு என்கிறார்களே, உண்மையில் என்ன நடக்கிறது?

இரண்டு தனித்தனி வேலைகளைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, வேதிக்குறி இடுவது. ஹிஸ்டோன்களிலிருந்து வால் போல் நீண்டிருக்கும் பகுதியில் லைசின் என்ற அமினோ அமிலங்கள் நேர்மின்னேற்றத்தோடு இருக்கும், டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது, ஆகவே ஒட்டிக்கொள்ளும். லைசின்மேல் அசிட்டைல் குழுவைச் சேர்த்தால் அந்த மின்னேற்றம் போய்விடும், பிடி தளரும். அதோடு அசிட்டைல் குறியைப் படிக்கத் தெரிந்த வேறு புரதங்களும் அங்கே வந்து சேரும். அசிட்டைல் சேர்ப்பதற்கும் ஆர்என்ஏ உற்பத்திக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-லேயே சொல்லியிருந்தார், ஆனால் வெகுகாலம் அது ஓரமாகவே கிடந்தது. 1996-இல் டேவிட் ஆலிஸ் குழு ஒரு நுண்ணுயிரியிலிருந்து அசிட்டைல் சேர்க்கும் நொதியைப் பிரித்தெடுத்தபோது, அது ஈஸ்டில் மரபணுத் தூண்டலுக்குத் துணைபுரியும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு புரதத்தின் உறவாக இருந்தது. அதே ஆண்டு ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு அசிட்டைலை நீக்கும் நொதியைக் கண்டபோது அது தெரிந்த ஓர் அடக்கியின் உறவாக இருந்தது. இரண்டு துறைகள் ஒரே ஆண்டில் ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது, உடல் வலிமையால் நகர்த்துவது. நெருக்கமான பொருளில் மறுசீரமைப்பு என்பது இதைத்தான். ஸ்விட்ச்-ஸ்னிஃப் என்று அழைக்கப்படும் புரதக் கூட்டங்கள் செல்லின் எரிபொருளான ஏடிபி-யை எரித்து, அந்த ஆற்றலால் டிஎன்ஏ-வை ஹிஸ்டோன் உருளையின்மேல் இழுத்து நகர்த்துகின்றன. நியூக்ளியோசோம் தள்ளிப்போகும், சில சமயம் முழுவதுமாகக் கழற்றப்படும். முதலில் ஈஸ்டில், இனச்சேர்க்கை வகை மாற்றத்தையும் சர்க்கரைப் பயன்பாட்டையும் ஆராய்ந்தபோது கிடைத்த மரபணுக்கள் இவை, ஹார்மோனோடு ஒரு சம்பந்தமும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. 1992-இல் கீத் யமமோட்டோ குழு எலியின் கார்டிசால் ஏற்பியை ஈஸ்டில் வைத்துப் பார்த்தது. சாதாரண ஈஸ்டில் ஏற்பி மரபணுவைத் தூண்டியது, இந்தக் கூட்டத்தின் புரதங்கள் இல்லாத ஈஸ்டில் தூண்ட முடியவில்லை. ஹார்மோன் இருந்தது, ஏற்பி இருந்தது, டிஎன்ஏ-வில் சரியான சொல்லும் இருந்தது. போதவில்லை. பூட்டு-சாவி உவமையைக் கைவிட எனக்கு இந்த ஒரு சோதனையே போதும்.

ஏற்பிகள் இரண்டு வேலைகளுக்கும் ஆள் அழைத்து வருகின்றன. 12-ஆவது சுருள் உருவாக்கிய பள்ளத்தில் எஸ்ஆர்சி-1 போன்ற துணைத்தூண்டிகள் அமரும். அவை பி300 என்ற அசிட்டைல் சேர்க்கும் நொதியைக் கூட்டி வரும். ஸ்விட்ச்-ஸ்னிஃப் கூட்டமும் வரும். கடைசியில் மீடியேட்டர் என்ற பெரிய புரதக் கூட்டம் பாலிமரேஸோடு தொடர்பை ஏற்படுத்தும்.

அப்படியானால் ஏற்பியே போய் மூடிய குரோமாட்டினைத் திறக்கிறது என்று சொல்லலாமா?

சில இடங்களில் ஆம். எலிகளைத் தாக்கும் மார்பகப் புற்றுநோய் வைரஸின் புரோமோட்டர், அதாவது படியெடுப்பு தொடங்கும் வாசல் பகுதி, இதற்குப் பழைய, நன்றாக ஆராயப்பட்ட உதாரணம். அதில் ஆறு நியூக்ளியோசோம்கள் வரிசையாக உள்ளன. கார்டிசால் ஏற்பி அவற்றில் ஒன்றின் மேலேயே, டிஎன்ஏ சுற்றியிருக்கும் நிலையிலேயே, பிடித்துக்கொள்ள வல்லது. பக்கத்தில் இடம் இருந்தும் உள்ளே வர முடியாமல் இருக்கும் என்எஃப்-1 போன்ற காரணிகள் (மரபணுவை இயக்கும் வேறு புரதங்கள்), ஏற்பி மறுசீரமைப்பாளர்களை அழைத்து வந்து இடத்தைத் திறந்த பிறகுதான் நுழைகின்றன.

இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று வெகுநாள் நினைத்தோம். முழு மரபணுத்தொகுதியையும் ஒரே நேரத்தில் பார்க்கும் முறைகள் வந்த பிறகு படம் தலைகீழானது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கார்டிசால் ஏற்பி அமர்ந்த இடங்களில் சுமார் 95 சதவீதம், ஹார்மோன் வருவதற்கு முன்பே திறந்திருந்த இடங்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இது பெரிய செய்தி. ஹார்மோன் வந்து கல்லீரல் செல்லுக்கு என்ன சொல்லும், நோயெதிர்ப்புச் செல்லுக்கு என்ன சொல்லும் என்பது ஹார்மோன் வருவதற்கு நெடுநாள் முன்பே, அந்தச் செல் கல்லீரல் செல்லாக மாறிய காலத்திலேயே, பெருமளவு முடிவாகிவிட்டது. ஹார்மோன் புதிதாக ஒன்றைக் கட்டளையிடவில்லை, அந்தச் செல் ஏற்கெனவே தயாராக வைத்திருந்ததைத் தொடங்கிவைக்கிறது.

யார் தயார் செய்தார்கள்? 'முன்னோடிக் காரணிகள்' என்ற புரதங்கள். இறுகிய குரோமாட்டினிலும் இறங்கக்கூடியவை இவை. மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஃபாக்ஸ்-ஏ1 என்ற முன்னோடியை அகற்றினால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தன் இடங்களில் பெரும்பாலானவற்றைப் பிடிக்க முடியாமல் போகிறது. ஏற்பியின் அளவு குறைந்ததால் அல்ல, போக வழி இல்லாததால்.

இன்னொரு விஷயம். ஏற்பி மரபணுவின் வாசலிலேயே அமரும் என்று நினைக்காதீர்கள். அதே மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அமரும் இடங்களில் சுமார் 4 சதவீதம்தான் மரபணுத் தொடக்கத்தை ஒட்டி இருந்தன. மற்றவை ஆயிரக்கணக்கான, சில சமயம் லட்சக்கணக்கான எழுத்துகள் தள்ளி இருந்து மரபணுவைத் தூண்டும் டிஎன்ஏ பகுதிகளான என்ஹான்சர்கள். டிஎன்ஏ வளைந்து வந்து இரண்டையும் பக்கத்தில் சேர்க்கிறது.

ஹார்மோன் இல்லாதபோது ஏற்பி சும்மா இருக்குமா?

ஏற்பியைப் பொறுத்தது. கார்டிசால் ஏற்பி செல்லின் சைட்டோபிளாசத்தில் எச்எஸ்பி-90 என்ற துணைப்புரதத்தோடு காத்திருக்கும், ஹார்மோன் கிடைத்ததும் உட்கருவுக்குள் போகும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலும் உட்கருவிலேயே இருக்கும்.

தைராய்டு ஏற்பி சும்மா இருப்பதே இல்லை. ஹார்மோன் இல்லாவிட்டாலும் டிஎன்ஏ-வில் உட்கார்ந்திருக்கும், உட்கார்ந்து மரபணுவை அடக்கி வைத்திருக்கும். அப்போது அதன் பள்ளத்தில் என்கோர், ஸ்மர்ட் என்ற துணை அடக்கிகள் இருக்கும், 1995-இல் கண்டறியப்பட்டவை. அவற்றோடு அசிட்டைலை நீக்கும் நொதி ஒட்டியிருக்கும், அது சுற்றியுள்ள ஹிஸ்டோன்களின் குறிகளைத் துடைத்துக்கொண்டே இருக்கும். ஹார்மோன் வந்தால் 12-ஆவது சுருள் மடங்கும், அடக்கிகள் விழும், தூண்டிகள் அமரும்.

இதற்கு அருமையான சான்று சுண்டெலியில் உண்டு. தைராய்டு சுரப்பியே உருவாகாத சுண்டெலிகள் சில வாரங்களில் இறந்துவிடும். ஆனால் அவற்றில் தைராய்டு ஏற்பியின் ஆல்ஃபா வகையையும் சேர்த்து நீக்கினால் பிழைத்துக்கொள்கின்றன. ஹார்மோனும் இல்லை, அந்த ஏற்பியும் இல்லை, ஆனாலும் நிலைமை மேல். அப்படியானால் கொன்றது ஹார்மோன் இல்லாமை மட்டுமல்ல, ஹார்மோன் கிடைக்காத ஏற்பி மரபணுக்களை விடாமல் அடக்கி வைத்ததும்தான்.

இனித் தலைப்பிரட்டைக்கு வரலாம். 1912-இல் குடர்னாட்ச் தலைப்பிரட்டைகளுக்கு விலங்குகளின் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்தபோது, அவை வளரவேண்டிய அளவுக்கு வளராமலேயே அவசர அவசரமாகக் குட்டித் தவளைகளாயின. சாதாரணமாக, ஹார்மோன் சுரக்காத இளம் பருவத்தில் ஏற்பி உருமாற்ற மரபணுக்களை அடக்கி வைத்து, உடல் வளர நேரம் வாங்கித் தருகிறது. ஹார்மோன் வந்ததும் அதே ஏற்பி அதே இடத்திலிருந்து அவற்றைத் திறக்கிறது. வால் செல்லில் அழிவுக்கான நிரல் தயாராக இருந்தது, கால் செல்லில் வளர்ச்சிக்கானது தயாராக இருந்தது.

ஏற்பி டிஎன்ஏ-வில் அமர்ந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்?

சில நொடிகள். பாடநூல் படங்களில் ஏற்பி ஆணி அடித்தது போல் இருக்கும், அது தவறான எண்ணத்தைத் தருகிறது. கோர்டன் ஹேகர் குழு 2000-இல் ஏற்பியோடு ஒளிரும் புரதத்தை இணைத்து, மேலே சொன்ன வைரஸ் புரோமோட்டர் சுமார் 200 பிரதிகள் வரிசையாக உள்ள செல்லில் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒளிப்புள்ளியை லேசரால் அணைத்தார்கள். சில நொடிகளில் புள்ளி மீண்டும் ஒளிர்ந்தது, காரணம் அணைந்த ஏற்பிகள் விலகி, அணையாதவை வந்து உட்கார்ந்துவிட்டன. உயிருள்ள செல்லில் எல்லாமே இப்படி வந்து போய்க்கொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் ரத்தத்தில் கார்டிசால் ஏறத்தாழ மணிக்கொரு முறை ஏறி இறங்கும்போது மரபணுக்களால் அதைப் பின்தொடர முடிகிறது.

மார்பகப் புற்றுநோய் மருந்தான தமொக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடக்கிறது. ஒரே மருந்து எப்படி இரண்டும் செய்யும்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குப் பதில் கிட்டத்தட்டத் தெரிந்திருக்கும்.

தமொக்சிஃபென் ஏற்பியின் குழிக்குள் அமரும், ஆனால் அதன் பக்கக்கிளை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் 12-ஆவது சுருள் சரியாகப் படிய முடியாமல், தூண்டிகள் அமர வேண்டிய பள்ளத்திலேயே போய் விழுந்து அடைத்துக்கொள்கிறது. 1998-இல் வந்த படிகப் படத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. மார்பகச் செல்லில் அதோடு முடிந்தது, அடக்கிகள் வருகின்றன, மரபணு அணைகிறது.

ஆனால் ஏற்பிக்கு முன்பகுதி என்று ஒன்று உண்டு என்றேனே, அதற்கும் தூண்டும் திறன் உண்டு, அதை இந்த மருந்து தடுப்பதில்லை. கருப்பை உட்சுவரிலிருந்து வந்த செல்களில் எஸ்ஆர்சி-1 அதிகம். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், அந்தச் செல்களில் எஸ்ஆர்சி-1-ஐக் குறைத்ததும் தமொக்சிஃபெனின் ஈஸ்ட்ரோஜன் போன்ற செயல் மறைந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் இந்த மருந்தை எடுக்கும்போது கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவது இதனால்தான் கவனிக்கப்படுகிறது. அந்தச் சிறிய வாய்ப்பைப் பார்த்துப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மார்பகத்தில் அது காப்பாற்றிய உயிர்கள் மிக அதிகம். இயல்பற்ற ரத்தப்போக்கு தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

கார்டிசால் மரபணுக்களைத் தூண்டுகிறது என்றால், ஸ்டீராய்டு மருந்து எப்படி அழற்சியைக் குறைக்கிறது?

தூண்டுவது பாதி, அடக்குவது பாதி. அழற்சி மரபணுக்களை ஏற்றிவிடும் என்எஃப்-கப்பா-பி, ஏபி-1 என்ற காரணிகளின்மேல் கார்டிசால் ஏற்பி போய் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. இதற்கு அது டிஎன்ஏ-வில் தன் சொல்லை நேரடியாகப் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூடவே, அழற்சியைத் தணிக்கும் சில மரபணுக்களைத் தூண்டவும் செய்கிறது.

2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தெரியவில்லை. மருந்தும் ஏற்பியும் இரு தரப்பிலும் ஒன்றுதான். அழற்சி கட்டுமீறிப் போயிருந்தவர்களிடம்தான் அடக்குவதற்கு ஏதோ இருந்தது.

ஏற்பி பழுதானால் என்ன ஆகும்?

1994-இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தன. டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே இருந்தும் எலும்பு நுனிகள் மூடவில்லை, எலும்பு அடர்த்தியும் குறைவு. ஆண்களின் எலும்பு வளர்ச்சியை முடித்துவைப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான் என்று உலகத்துக்கு உறுதியாகத் தெரிவித்தவர் அவர்.

தைராய்டு ஏற்பியின் பீட்டா வகையில் வரும் பிறழ்வு இன்னும் சுவாரசியமானது. ரத்தத்தில் ஹார்மோன் அதிகம், ஆனால் தைராய்டை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை உணராமல் மேலும் மேலும் கேட்கிறது. ஒரு பிரதி கெட்டாலே போதும், காரணம் அந்தக் கெட்ட ஏற்பி அடக்கிகளை விடாமல் பிடித்துக்கொண்டு நல்ல ஏற்பியின் இடத்தையும் அடைத்துவிடுகிறது.

மறுசீரமைப்பாளர்களும் பழுதாகும். ஸ்விட்ச்-ஸ்னிஃப் கூட்டத்தின் ஏதாவதொரு உறுப்பில் பிறழ்வு இருப்பது மனிதப் புற்றுநோய்களில் சுமார் 20 சதவீதத்தில் காணப்படுகிறது.

ஹார்மோன் மருந்து வேலை செய்ய ஏன் நேரமாகிறது?

குரோமாட்டின் திறக்க நிமிடங்கள், ஆர்என்ஏ உருவாக நிமிடங்கள், அது புரதமாகிச் சேர மணிக்கணக்கு, திசு மாற நாட்கள். அதிலும் படிநிலை உண்டு: எக்டைசோன் கொடுத்த பழ ஈக்களில் ஆறேழு பட்டைகள் முதலில் உப்பும், அவற்றிலிருந்து வரும் புரதங்கள்தான் நூற்றுக்கும் மேற்பட்ட அடுத்த பட்டைகளைத் திறக்கும். ஸ்டீராய்டுகளுக்கு மரபணுவைத் தொடாத வேகமான விளைவுகளும் சில உண்டு, அவை வேறு வழி.

இந்த அறிவால் யாராவது குணமானார்களா?

ஆனார்கள். ஏபிஎல் என்ற ஒருவகை ரத்தப் புற்றுநோய், ஒரு காலத்தில் ரத்தப்போக்கால் சில நாட்களிலேயே கொல்லக்கூடியது. அதில் 15-ஆவது, 17-ஆவது குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொள்வதால் ரெட்டினாயிக் அமில ஏற்பி பிஎம்எல் என்ற இன்னொரு புரதத்தோடு இணைந்துவிடுகிறது. அந்தக் கலப்புப் புரதம் அடக்கிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். உடலில் இயல்பாக இருக்கும் ரெட்டினாயிக் அமிலத்துக்கு அது அசைந்துகொடுக்காது. ரத்தச் செல் முதிர்வதற்கான மரபணுக்கள் மூடியே கிடக்கும், முதிராத செல்கள் பெருகிக்கொண்டே போகும்.

ஷாங்காயில் வாங் ஷென்யீ 1980-களில் இந்த நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலத்தையே மருந்தளவில் கொடுத்தார். 1988-இல் வெளியான அவர்களுடைய அறிக்கையில் 24 நோயாளிகள், 24 பேருக்கும் நோய் முழுமையாகத் தணிந்தது. புற்றுச் செல்கள் கொல்லப்படவில்லை, அவை முதிர்ந்து சாதாரண வெள்ளணுக்களாகித் தம் ஆயுளை முடித்துக்கொண்டன. இதற்குக் காரணம் ஏற்பி என்பது அப்போது தெரியாது, 1990-இல்தான் தெரிந்தது. அதிக அளவில் மருந்து போனதும் அந்தப் பிடிவாதமான ஏற்பியும் அடக்கிகளை விட்டுவிடுகிறது, அப்புறம் கலப்புப் புரதமே சிதைக்கப்படுகிறது. இன்று ஆர்சனிக் ட்ரையாக்சைடும் சேர்த்துக் கொடுக்கும்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

அரிதாக, அதே ஏற்பி பிஎல்இசட்எஃப் என்ற வேறொரு புரதத்தோடு ஒட்டிய வகையும் வரும். நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒரே நோய். ஆனால் பிஎல்இசட்எஃப் பகுதியே தன் பங்குக்கு அடக்கிகளைப் பிடித்து வைத்திருக்கிறது, ரெட்டினாயிக் அமிலம் எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பிடி விடுவதில்லை. அதனால்தான் சிகிச்சையைத் திட்டமிடும்போது, எந்த இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டன என்று பரிசோதித்து உறுதிசெய்கிறார்கள்.